அயோவாவில் இரவு நேர ஏ.எம்: எதுவரை கேட்கும், நம் ஊர் கேட்குமா?

நண்பர் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான். அவர் வேலை நிமித்தம் அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக்கு வந்து சில மாதங்கள் ஆகின்றன. ஓர் இரவு நெடுஞ்சாலையில் கார் ரேடியோவை ஏ.எம்முக்கு மாற்றியபோது 870 கிலோஹெர்ட்ஸில் நியூ ஆர்லியன்ஸ் நிலையம் உள்ளூர் நிலையம் மாதிரி கணீரென்று கேட்டது. மறுநாள் பகலில் அதே சாலையில், அதே எண்ணில் வெறும் இரைச்சல். இது தற்செயலா, இதைப் பொழுதுபோக்காகவே செய்ய முடியுமா, என்ன ரேடியோ வாங்கலாம் என்று மூன்று கேள்விகள். அதன் பிறகு போகிற போக்கில் ஒரு வரி: “நம்ம ஊர் ஸ்டேஷன் ஏதாவது கிடைக்குமா?” அந்தக் கடைசி வரிக்காகத்தான் மற்ற மூன்றும் கேட்கப்பட்டிருக்கின்றன என்று எனக்குப் படுகிறது. அதனால் நேரான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அயோவாவில் உட்கார்ந்துகொண்டு ஏ.எம்மில் சென்னையையோ திருச்சியையோ பிடிப்பது நடைமுறையில் முடியாது. ஏன் என்பதைப் பின்னால் கணக்கோடு விளக்குகிறேன். மற்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் மிகவும் சாதகமானது. தூர நிலையம் பிடிப்பதற்கு நீங்கள் இருக்கும் இடம் அமெரிக்காவிலேயே நல்ல இடங்களில் ஒன்று.

நான் மின்னணுவியல் படித்தவன். இதே நடு மாநிலங்களில் பல வருடங்களாக இருந்துகொண்டு, குளிர்காலம்தோறும் இதில் நேரம் செலவழித்து வருகிறேன். கடலோர மாநிலங்களில் உட்கார்ந்து கேட்ட அனுபவம் எனக்கு இல்லை. அவற்றைப் பற்றிக் கீழே சொல்வது மற்ற ரசிகர்களின் பதிவுகளை வைத்துத்தான். அந்த அளவுக்கே அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டது தற்செயல் இல்லை. ஏ.எம் நிலையங்கள் பயன்படுத்தும் மத்திய அலை இரண்டு வழியாகப் போகிறது: ஒன்று தரையை ஒட்டி, இன்னொன்று வானத்தை நோக்கி. பகலில் தரை வழி மட்டும்தான் உதவும். சூரிய வெளிச்சம் இருக்கும்வரை சுமார் 60 முதல் 90 கி.மீ. உயரத்தில் ‘டி’ அடுக்கு என்ற அயனிப் படலம் இருக்கிறது. மேலே போகும் மத்திய அலையை அது விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அந்தப் படலம் வேகமாக மெலிந்துபோகும். அதற்கும் மேலே, 100 கி.மீ.க்கு அப்பால் இருக்கும் அடுக்குகள் இரவிலும் நிற்கும். அவை அலையை வளைத்து மறுபடி பூமிக்கு அனுப்புகின்றன. நியூ ஆர்லியன்ஸ் உங்களிடமிருந்து சுமார் 1,300 கி.மீ.; சென்னைக்கும் மும்பைக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம். அந்த நிலையம் உங்களிடம் வந்தது வானம் வழியாக. அதன் வலிமை 50 கிலோவாட். நாளை இரவும் வரும், அடுத்த வாரமும் வரும்.

தரை வழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் ஊரில் பலருடைய அனுபவம். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை, மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது என்று அந்தக் குரல்கள், தமிழ்நாட்டுக் கடலோர மாவட்டங்களில் பட்டப்பகலிலேயே தெளிவாகக் கேட்டன. காரணம் நடுவில் இருந்த கடல். உப்புநீர் சாதாரண நிலத்தைவிட நூற்றுக்கணக்கான மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். அதன் மேல் போகும் தரை அலை அதிகம் தேயாமல் கரை சேரும். கடலுக்கு அடுத்தபடியாக நல்லது ஈரமான, கனத்த கரிய மண். அயோவா, டகோட்டா, கான்சஸ் பக்கம் அந்த மண்தான். தெற்கு டகோட்டாவின் யாங்க்டன் நகரில் 570 கிலோஹெர்ட்ஸில் ஒரு நிலையம் இருக்கிறது, டபிள்யூ.என்.ஏ.எக்ஸ் என்று பெயர். வெறும் 5 கிலோவாட்டை வைத்துக்கொண்டு பகல் நேரத்திலேயே பல மாநிலங்களில் விவசாயிகளுக்கு மாட்டு விலையும் சோள விலையும் சொல்லிக்கொண்டிருக்கிறது. நாளை மதியம் 570-ஐத் திருப்பிப் பாருங்கள், அநேகமாகக் கிடைக்கும். இரவுக்காகக் காத்திருக்காமலே தொடங்க அது நல்ல இடம்.

இந்த நாட்டில் இது இவ்வளவு நன்றாக நடக்க ஒரு நிர்வாகக் காரணமும் உண்டு. ரேடியோ வந்த புதிதில் கிராமங்களில் நிலையங்களே கிடையாது. அதனால் சில அலைவரிசைகளை இரவில் ஒரே ஒரு பெரிய நிலையத்துக்கென்று ஒதுக்கிவைத்தார்கள். மற்றவர்கள் அங்கே தலைகாட்டக் கூடாது. அந்த முழு ஒதுக்கீடு இன்று இல்லை. ஆனால் அந்தப் பெரிய நிலையங்களுக்கு இரவிலும் 50 கிலோவாட் அனுமதியும் பாதுகாப்பும் இன்னும் இருக்கின்றன. 650-ல் நாஷ்வில், 700-ல் சின்சினாட்டி, 720-ல் சிகாகோ, 820-ல் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த், 850-ல் டென்வர், 1120-ல் செயின்ட் லூயிஸ். இவை உங்கள் முதல் பாடம். நாஷ்வில் நிலையத்தில் 1925-ல் தொடங்கிய கிராண்ட் ஓல் ஓப்ரி இசை நிகழ்ச்சி இன்றும் வாரக் கடைசி இரவுகளில் வருகிறது. 1932-ல் எழுப்பிய, நடுவில் பருத்து இரு முனையிலும் கூம்பிய அதன் கோபுரத்தை அந்த ஊர்ப் பக்கம் ஐ-65 சாலையில் போகும்போது இப்போதும் பார்க்கலாம். உங்கள் மாநிலத்தின் 1040 டி மோய்ன் நிலையமும் இதே வகைதான். பின்னாளில் அதிபரான ரொனால்ட் ரீகன் 1930-களில் அங்கே விளையாட்டு வர்ணனையாளராக இருந்தவர். தந்தியில் வரும் ஓரிரு வரிகளை வைத்துக்கொண்டு, மைதானத்தில் இருப்பதுபோல சிகாகோ பேஸ்பால் ஆட்டத்தை வர்ணித்தவர்.

சின்சினாட்டி நிலையம் 1934 முதல் 1939 வரை 500 கிலோவாட்டில் ஒலிபரப்பியது. அது ஆவணப்படி உண்மை. அந்தக் காலத்தில் பக்கத்து ஊர்களில் முள்வேலிக் கம்பியிலும் தண்ணீர்க் குழாயிலும் பாட்டு கேட்டது என்ற கதைகளை இந்தப் பொழுதுபோக்கில் நிறையப் பேர் சொல்வார்கள். துருப்பிடித்த இணைப்பு, அலையிலிருந்து ஒலியைப் பிரித்தெடுக்கும் டையோடு மாதிரி வேலை செய்ய முடியும் என்பதால் அது நடக்கவே முடியாதது என்று சொல்லமாட்டேன். நேரில் அளந்து எழுதிய சான்று எதையும் நான் பார்த்ததில்லை. கதையாகவே வைத்துக்கொள்வோம்.

இனி நேரம். புதிதாக வருபவர்கள் எந்த ரேடியோ என்று கேட்கிறார்கள். எத்தனை மணிக்கு என்று கேட்பது அதைவிட முக்கியம். டிசம்பரில் உங்கள் ஊரில் மாலை 4:45 வாக்கில் சூரியன் மறைகிறது. நான்கு மணிக்கே ரேடியோ முன்னால் உட்காருங்கள். அப்போது கிழக்கே ஏற்கெனவே இருட்டத் தொடங்கியிருக்கும், மேற்கே இன்னும் நல்ல வெயில். முதலில் சின்சினாட்டி மெல்ல மேலே வரும். 760-ல் டெட்ராய்ட் எட்டிப் பார்க்கும். ஒரு நிலையம் இரைச்சலுக்கு மேலே எழும்பி, அரை நிமிடம் தெளிவாக நின்று, மறுபடி அமுங்கும். வானத்தில் வெவ்வேறு பாதையில் வந்த அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்துவதும் அழிப்பதுமாக இருப்பதால் அப்படி. ரேடியோவில் கோளாறு என்று நினைத்துத் திருகாதீர்கள், காத்திருங்கள். அஸ்தமனத்தை ஒட்டி நூற்றுக்கணக்கான சிறிய நிலையங்கள் சட்டப்படி வலிமையைக் குறைக்க வேண்டும், அல்லது கடையைக் கட்ட வேண்டும். அந்த நேரங்களை, இங்கே வானொலி உரிமங்களைக் கொடுக்கும் அரசின் எஃப்.சி.சி அமைப்பு மாதவாரியாக, கால் மணி நேரக் கணக்கில் உரிமத்திலேயே எழுதிவைத்திருக்கிறது. ஆகவே 5:00, 5:15, 5:30 என்று கடிகார முள் நகரும்போது ஒரு நிலையம் சட்டென்று மறையும். அதுவரை அதற்கு அடியில் புதைந்திருந்த இன்னொன்று மேலே வரும். வான் அலை வந்துவிட்டது, ஆனால் சிறிய நிலையம் இன்னும் பகல் வலிமையில் இருக்கிறது என்ற அந்தக் குறுகிய இடைவெளியில்தான் மிச்ச நாளெல்லாம் தவமிருந்தாலும் கிடைக்காத நிலையங்கள் கிடைக்கும். ஐந்தரைக்கு மேல் டென்வர் நன்றாக வலுப்பெறும். விடியற்காலையில் எல்லாம் தலைகீழ். கிழக்கு முதலில் மங்கும், மேற்கு கடைசிவரை நிற்கும். அதிர்ஷ்டம் இருந்தால் 1070-ல் லாஸ் ஏஞ்சல்ஸும் வரும்.

பருவம் என்றால் செப்டம்பர் கடைசி முதல் மார்ச் வரை. கோடையில் இரவு குறைவு என்பது ஒரு பக்கம் இருக்க, எங்கோ 500 கி.மீ. தள்ளி இடிக்கும் இடியெல்லாம் படபடவென்று ரேடியோவில் விழும்.

ரேடியோ விஷயத்தில் நீளமாக எழுத வேண்டியதில்லை. உங்கள் கார் ரேடியோவே நல்ல ரிசீவர். அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு குளிர்காலத்தை ஓட்டலாம். (சில புதிய மின்சாரக் கார்களில் ஏ.எம்மே இல்லை, மோட்டார் எழுப்பும் மின்காந்த இரைச்சலைக் காரணமாகச் சொல்கிறார்கள்.) தனியாக வாங்குவதென்றால் டெக்சன் பி.எல்-330, அல்லது சி. கிரேன் ஸ்கைவேவ் போன்ற ஒரு கையடக்கப் பெட்டி போதும். அலைவரிசை அகலத்தைக் குறுக்கும் வசதி இருக்கிறதா, 9 கிலோஹெர்ட்ஸ், 10 கிலோஹெர்ட்ஸ் என்று இரண்டு படிக்கும் மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். அமெரிக்காவில் நிலையங்கள் 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியிலும் இந்தியா, இலங்கை, வளைகுடா, ஐரோப்பாவில் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியிலும் இருக்கின்றன. விடுமுறைக்கு ஊருக்குக் கொண்டுபோனால் இதை மாற்றாமல் திருச்சியின் 936-ல் சரியாக நிற்க முடியாது. பழைய சாமான் கடையில் ஜி.இ. சூப்பர் ரேடியோ கண்ணில் பட்டால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். முள் நகரும் பழைய மாதிரிதான், ஆனால் உள்ளே இருக்கும் நீளமான ஃபெரைட் தண்டு இன்றைய பல விலை உயர்ந்த பெட்டிகளில் கிடையாது.

அந்த ஃபெரைட் தண்டுதான் ஏ.எம்முக்கு ஏரியல். மேலே இழுத்து நீட்டும் கம்பி பண்பலைக்கும் சிற்றலைக்கும்தான், ஏ.எம்முக்கு அதை எவ்வளவு நீட்டினாலும் பயனில்லை. தண்டின் பக்கவாட்டிலிருந்து வரும் நிலையம் பலமாகக் கேட்கும், அதன் முனை நோக்கியிருக்கும் திசையிலிருந்து வருவது அமுங்கும். ரேடியோவை மேஜை மேல் வைத்து மெதுவாகச் சுற்றினாலே இது தெரியும். இதில் கெட்டிக்காரத்தனம் பலத்தைத் தேடுவதில் இல்லை, அமுக்குவதில் இருக்கிறது. 670-ல் சிகாகோ நிலையம் உங்களுக்குக் கிழக்கே. பெட்டியின் குறுகலான பக்கத்தைக் கிழக்கு நோக்கித் திருப்பி, விரலால் நூல் நூலாக நகர்த்துங்கள். சிகாகோ குழைந்து இறங்கும் அந்தப் புள்ளியில், சில இரவுகளில், அடியிலிருந்து வேகமான ஸ்பானிஷ் மேலே வரும். அது கியூபாவின் ரேடியோ ரெபெல்டே. உள்ளூர் நிலையத்தை இப்படிக் கிட்டத்தட்ட முழுதாகவே அமுக்கலாம். வானம் வழியாக வரும் அலை வரும் கோணம் மாறிக்கொண்டே இருப்பதால் அதை முழுதாக அமுக்க முடியாது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மறுபடி திருப்ப வேண்டியிருக்கும்.

இன்னும் கொஞ்சம் பலம் வேண்டுமென்றால் டெக்சன் ஏ.என்-200 போன்ற ஒரு வளைய ஏரியலை ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்து அதன் குமிழைத் திருகினால் போதும், வயர்கூட இணைக்க வேண்டாம். கைவேலை பிடிக்குமென்றால் 60 செ.மீ. பக்கமுள்ள மரச்சட்டத்தில் பத்துப் பன்னிரண்டு சுற்றுக் கம்பி சுற்றி, பழைய ரேடியோக்களில் நிலையம் மாற்ற உதவும் கேங் கண்டென்சர் ஒன்றை இணைத்தால் அதே வேலையைச் செய்யும். கேங் கண்டென்சர் இங்கே கடைகளில் அரிது. ஊருக்குப் போகும்போது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடிப் பாருங்கள்.

உங்கள் உண்மையான எதிரி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. எல்.இ.டி. விளக்கு, செல்போன் சார்ஜர், லேப்டாப் அடாப்டர், பக்கத்து வீட்டுக் கூரையில் இருக்கும் சோலார் இன்வெர்ட்டர் எல்லாமே மத்திய அலையில் கரகரவென்று இரைச்சல் போடும். ரேடியோவைப் பேட்டரியில் ஓடவிட்டு ஒவ்வொன்றாகப் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள், குற்றவாளி தெரிந்துவிடும். அடுக்குமாடி வீடென்றால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியும் அலையைத் தடுக்கும். ஜன்னலோரம் ஓரளவு தேவலை. இதற்கெல்லாம் ஒரே முழுமையான தீர்வு ஊருக்கு வெளியே போவது. உங்களைச் சுற்றி மைல் கணக்கில் அறுவடை முடிந்த சோளக்காடுதான், கவலையே இல்லை. ஒரு விஷயம் மட்டும் நினைவிருக்கட்டும். இங்கே பல பூங்காக்களைச் சூரியன் மறைந்ததும் மூடிவிடுவார்கள். இருட்டில் காருக்குள் தனியாக உட்கார்ந்திருப்பவரைப் போலீஸ் வந்து விசாரிப்பது சகஜம். பதறாமல் ரேடியோவைக் காட்டி, தூரத்து ஏ.எம் நிலையம் கேட்கிறேன் என்று சொன்னால் அநேகமாக அங்கேயே முடிந்துவிடும். ரேடியோ கேட்க இந்த நாட்டில் உரிமம் எதுவும் வேண்டாம்.

அடுத்தது, கேட்டது எது என்று அறிவது. என் பார்வையில் இந்தப் பொழுதுபோக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது, புதியவர்கள் அவசரப்படுவதும் இங்கேதான். ஓர் எண்ணில் ஒரு குரல் கேட்டவுடன் பட்டியலைப் பார்த்து “இது அட்லாண்டா” என்று எழுதிக்கொள்வது ஊகம், அவ்வளவுதான். இரவு முழுக்க ஒரே பேச்சு நிகழ்ச்சியை நாடெங்கும் பல நூறு நிலையங்கள் ஒரே நேரத்தில் எடுத்து ஒலிபரப்புகின்றன. அதனால் பழகிய குரலை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. உறுதியான சான்று ஒன்றுதான். எஃப்.சி.சி விதிப்படி ஒவ்வொரு நிலையமும் மணிக்கு ஒருமுறை, மணி அடிக்கும் நேரத்தை ஒட்டி, தன் அழைப்பெழுத்துகளையும் (நிலையத்தின் அதிகாரபூர்வப் பெயரான எழுத்துகள்) உடனே அடுத்தபடி ஊர்ப் பெயரையும் சொல்ல வேண்டும். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இருப்பவை பெரும்பாலும் டபிள்யூவில் தொடங்கும், மேற்கே இருப்பவை கே-யில். 1920 நவம்பர் 2 அன்று தேர்தல் முடிவை ஒலிபரப்பிப் புகழ்பெற்ற பிட்ஸ்பர்க்கின் கே.டி.கே.ஏ போலச் சில பழைய நிலையங்கள் விதிவிலக்கு. ஆகவே ஒவ்வொரு மணிக்கும் இரண்டு நிமிடம் முன்னும் பின்னும் ரேடியோவை விட்டு எழுந்திருக்கக் கூடாது.

அது கிடைக்காவிட்டால் விளம்பரத்தைக் கேளுங்கள். கார் வியாபாரியோ கூரை ரிப்பேர்க்காரரோ தன் தொலைபேசி எண்ணைச் சொல்வார். 504 என்று தொடங்கினால் நியூ ஆர்லியன்ஸ், 615 என்றால் நாஷ்வில், 303 என்றால் டென்வர், 513 என்றால் சின்சினாட்டி. வானிலைச் செய்தியில் வரும் வெப்பநிலை, எந்த நெடுஞ்சாலையில் நெரிசல், எந்தப் பள்ளியின் கூடைப்பந்து ஆட்டம் எல்லாமே துப்புதான். சந்தேகம் இருந்தால் செல்போனில் அந்த நிலையத்தின் இணைய ஒலிபரப்பைத் திறந்து ஒப்பிடுங்கள். இணையம் அரை நிமிடமோ அதற்கு மேலோ பின்தங்கி வரும், விளம்பரங்களும் மாறியிருக்கலாம், ஆனால் பேச்சு பொருந்தினால் சந்தேகம் பெருமளவு தீர்ந்தது. குறிப்பேட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே ‘உறுதி’ அல்லது ‘ஊகம்’ என்று எழுதுங்கள். ஊகத்தை உறுதியாக்க அதே அலைவரிசைக்குத் திரும்பத் திரும்பப் போவீர்கள், காது பழகுவது அப்படித்தான்.

இதற்கு நல்ல பயிற்சிக் களம் 1230, 1240, 1340, 1400, 1450, 1490 ஆகிய ஆறு அலைவரிசைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கிலோவாட்டுக்கு மேல் போகாத சிற்றூர் நிலையங்கள் நூற்றுக்கு மேல். இரவில் அங்கே போனால் சந்தைக்கடை இரைச்சல். பாட்டு, பிரசங்கம், ஆட்ட வர்ணனை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று. மணி அடிக்கும் தறுவாயில் ஏதோ ஒரு நிலையம் பத்து விநாடி மேலே வந்து ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு மூழ்கும். அந்தப் பத்து விநாடிக்காக ஒலிப்பதிவை ஓடவிட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். ஒரு பெரிய நிலையத்தைப் பிடிப்பதைவிட இப்படி ஒரு சின்ன ஊரைப் பிடிப்பதில்தான் எனக்கு மகிழ்ச்சி அதிகம்.

வெளிநாடு என்றால் உங்களுக்கு எட்டக்கூடியவை கனடா, மெக்சிகோ, கியூபா, சில சமயம் பகாமாஸ். கியூபாவின் ரேடியோ ரெலோ என்ற செய்தி நிலையத்தைப் பிடித்தால் சந்தேகமே வராது. பேச்சுக்கு அடியில் ஒவ்வொரு விநாடிக்கும் கடிகாரச் சத்தம் டிக் டிக்கென்று போய்க்கொண்டே இருக்கும். நிமிடத்துக்கு ஒருமுறை மோர்ஸில் ஆர், ஆர் என்று இரண்டு எழுத்து: குட்டை நெட்டை குட்டை, குட்டை நெட்டை குட்டை. ஸ்பானிஷ் ஒரு சொல்கூடத் தெரிய வேண்டாம். மெக்சிகோ நகரத்தில் 1930-ல் தொடங்கிய எக்ஸ்.இ.டபிள்யூ நிலையம் 900-ல் இருக்கிறது. மெக்சிகோ நிலையங்கள் நள்ளிரவில் தேசிய கீதம் இசைப்பது வழக்கம். அதுவும் ஒரு நல்ல அடையாளம். சூரியப் புயல் அடிக்கும் நாள்களில் துருவப் பக்கம் வானம் கெட்டுப்போய் கனடாவும் வட மாநிலங்களும் அமுங்கும். அப்படிப்பட்ட இரவுகளில்தான் தெற்கு திறந்துகொள்ளும். எந்த இரவு எப்படி இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்றால், ஓரளவுதான். பூமியின் காந்தப்புலக் குறியீட்டு எண்கள் இணையத்தில் கிடைக்கின்றன. அவை சுத்தமாக அமைதியாக இருந்தும் ஒன்றும் வராத இரவுகளும் உண்டு. சூரியனுக்கும் அந்த ‘டி’ அடுக்குக்கும் உள்ள உறவு மட்டும் ஐயமில்லாதது. 2017 ஆகஸ்ட் 21, 2024 ஏப்ரல் 8 ஆகிய சூரிய கிரகணங்களின்போது பகலிலேயே, நிழல் கடந்த நேரத்தில், தூர நிலையங்கள் எழும்பி அடங்கியதை ரசிகர்கள் நாடெங்கும் பதிவு செய்தார்கள்.

இப்போது நம் ஊர். மத்திய அலைக்கு இரு முனையிலும் இருட்டு வேண்டும். டிசம்பர் நடுவில் உங்கள் ஊரில் அஸ்தமனம் 4:45 என்றால் சென்னையில் அப்போது விடியற்காலை 4:15. சென்னையில் சூரிய உதயம் 6:20 வாக்கில். ஆக இரண்டு மணி நேரம் இரண்டு ஊரிலும் இருட்டு. அதேபோல உங்கள் விடியலுக்கு முன் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் இருட்டு பொதுவாகக் கிடைக்கும். கோடையில் ஒரு நிமிடம்கூடக் கிடையாது. இதுவரை பார்த்தால் நம்பிக்கை வரும். ஆனால் பாதையைப் பாருங்கள். அயோவாவிலிருந்து சென்னைக்கு உலக உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தால் அது கனடா வழியாகக் கிட்டத்தட்ட வட துருவத்தின் மேலேயே ஏறி, சைபீரியா, திபெத் வழியாக இறங்கும். தூரம் 14,000 கி.மீ.க்குச் சற்றே குறைவு. துருவ ஒளி தோன்றும் வளையத்தை இருமுறை கடக்க வேண்டும். மத்திய அலையைத் தின்பதில் அதற்கு நிகர் எதுவுமில்லை. அடுத்தது அலைவரிசை. ஆகாசவாணியின் சென்னை ‘ஏ’ நிலையத்துக்கு உரியது 720. உங்களுக்கு அதே 720-ல் பக்கத்திலேயே 50 கிலோவாட் சிகாகோ உட்கார்ந்திருக்கிறது. 9-க்கும் 10-க்கும் பொதுவான எண்ணாக 720 அமைந்தது நம் துரதிர்ஷ்டம். திருச்சியின் 936, அமெரிக்க நிலையங்கள் இருக்கும் 930-க்கும் 940-க்கும் நடுவில் விழுகிறது. கோட்பாட்டளவில் அங்கே இடம் உண்டு. பௌதிகம் அதை முற்றாகத் தடுக்கிறது என்று நான் எழுதிக் கையெழுத்துப் போடமாட்டேன். ஒரு கையடக்கப் பெட்டியால், அயோவாவிலிருந்து, அது நடக்கும் என்று எதிர்பார்த்து இரவுகளைச் செலவழிக்க வேண்டாம் என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். இதற்கிடையில் ஆகாசவாணி தன் மத்திய அலை ஒலிபரப்பிகளில் பலவற்றை அண்மை ஆண்டுகளில் நிறுத்தியும்விட்டது.

ஆசியாவை அமெரிக்க மண்ணிலிருந்து பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். வாஷிங்டன், ஒரிகன் மாநிலங்களின் பசிபிக் கடற்கரையில் விடியலுக்கு முன் உட்கார்ந்து ஜப்பானின் 774 அக்கிடா நிலையத்தை, அது 500 கிலோவாட், வழக்கமாகவே பதிவு செய்துவந்தார்கள். முன்னால் முழுக்கக் கடல் என்பது அவர்களுடைய பலம். கிழக்குக் கரையில் ஸ்பெயினும் பிரிட்டனும் கிடைக்கின்றன, முன்பு போல எண்ணிக்கையில் இல்லை. ஜெர்மனியின் பொது ஒலிபரப்பு நிலையங்கள் 2015-க்குள் மத்திய அலையையே மூடிவிட்டன. வேலை மாறி அந்தப் பக்கம் போனால் முயன்று பாருங்கள். நம் ஊர் நிகழ்ச்சி கேட்பதுதான் நோக்கம் என்றால் ‘நியூஸ் ஆன் ஏர்’ செயலியில் ஆகாசவாணியின் தமிழ் நிலையங்கள் தெளிவாக வருகின்றன. இரைச்சலோடும் ஏற்ற இறக்கத்தோடும், மத்திய அலையில் கேட்பதுபோலவே வேண்டும் என்றால், உலகெங்கும் ஆர்வலர்கள் இணையத்தில் திறந்துவைத்திருக்கும் கிவி எஸ்.டி.ஆர் ரிசீவர்களின் வரைபடத்தைப் பாருங்கள். தென்னாசியப் பக்கம் ஒன்று திறந்திருக்கும் நாளில், அங்கே இரவாக இருக்கும் நேரத்தில், நீங்களே முள்ளை நகர்த்திக் கேட்கலாம். இதை உங்கள் குறிப்பேட்டில் சேர்க்கக் கூடாது. அது அந்த ரிசீவர் இருக்கும் ஊரின் கேட்பு.

கடைசியாக, கேட்டதை நிலையத்துக்கு எழுதுங்கள். நம் ஊர்ச் சிற்றலை நேயர்கள் வெளிநாட்டு நிலையங்களுக்குக் கடிதம் எழுதி, கேட்டதை உறுதிசெய்து நிலையம் அனுப்பும் க்யூ.எஸ்.எல் அட்டை சேர்ப்பார்களே, அதே பழக்கம் இங்கே ஏ.எம்மிலும் உண்டு. தேதி, நேரம், அலைவரிசை, எந்த ரேடியோ, பத்து நிமிடத்துக்குக் குறையாமல் என்ன கேட்டீர்கள் என்ற விவரம், முடிந்தால் ஒரு சின்ன ஒலிப்பதிவு. நிலையத்தின் தலைமைப் பொறியாளருக்கு மின்னஞ்சலில் அனுப்புவது நல்லது. சிறிய நிலையங்களில் எல்லா வேலையையும் ஓரிருவரே பார்ப்பதால் பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம், வராமலும் போகலாம். அயோவாவுக்குப் புதிதாக வந்த ஒருவர் தங்கள் நிலையத்தைக் கேட்டு எழுதியிருக்கிறார் என்றால் மகிழ்ந்து பதில் போடுபவர்களும் உண்டு. நேரத்தை யூ.டி.சி என்ற உலகப் பொது நேரத்தில் எழுதிப் பழகுங்கள். இங்கே வருடத்துக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றுகிறார்கள், உள்ளூர் நேரத்தில் எழுதினால் பின்னால் குழம்பும். அடையாளம் தெரியாத நிலையம் ஏதாவது சிக்கினால் அலைவரிசை, யூ.டி.சி நேரம், காதில் விழுந்த ஓரிரு சொற்கள், பெட்டி எந்தத் திசை நோக்கி இருந்தது என்ற நான்கையும் இங்கே எழுதுங்கள். அந்த நான்கு இருந்தால் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.